வெளிமாநிலத்தில் வளரும் நம் பாலர்கள்



உத்தியோக நிமித்தமாகவோ, வியாபாரத்தை நாடியோ, கைத்தொழிலும் கூலி வேலையும் தேடியோ தமிழகத்தை விட்டு வெளியேறித் தில்லியிலும் மும்பையிலும் சூரத்திலும் பெங்களூரிலும் குடியேறியிருக்கும் நாம், புதிய ஊரில் இறங்கியதும் முதலில் தேடுவது வாடகைக்கு ஒரு வீடு; அடுத்துப் புழுங்கலரிசி கிடைக்கும் ஒரு கடை; அதற்கும் அடுத்துப் பெரிய பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம். மூன்று வயதுக் குழந்தையைப் பற்றிய எண்ணம் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வருகிறது. அது வீட்டிலேயே விளையாடிக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம்; அல்லது பக்கத்து வீட்டார் எந்த நர்சரிக்கு அனுப்புகிறார்களோ அங்கேயே நாமும் பணத்தைக் கட்டிவிட்டு வருகிறோம். சொந்த ஊராயிருந்தால் பாட்டியும் அத்தையும் திண்ணையும் தெருவும் சேர்ந்து செய்து முடிக்கும் வேலையை, யாரும் அறியாத ஊரில் நான்காம் மாடியில் யார் செய்வது என்று நாம் கேட்டுக்கொள்வதில்லை. இன்றைய பேச்சு அந்தக் கேள்வியைப் பற்றியது.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் அங்கன்வாடியைப் பால்வாடி என்றே பலரும் இன்றும் வழங்குகிறார்கள். அங்கே குழந்தைகளுக்குப் பால் கொடுத்ததால் அப்பெயர் வந்தது என்று விளக்கம் கூறுவோரையும் நாம் கண்டிருக்கிறோம். சொற்களோடு மல்லாடிப் பிழைப்பு நடத்தும் நமக்கு இத்தகைய விளக்கங்கள் சுவையாகவே இருக்கும். ஆனால் உண்மை வேறு. பால் என்பது ஈண்டுப் பசுவின் பாலன்று. பாலன், பாலகன் என்பதில் வரும் பால். வாடி என்பது குஜராத்தியிலும் மராத்தியிலும் தோட்டத்தைக் குறிக்கும் சொல். ஆகவே பால்வாடி என்றால் பாலர் தோட்டம். ஜெர்மானிய அறிஞர் ஃபிரோபெல் 1840-இல் தம் பள்ளிக்கு இட்ட கிண்டர்கார்ட்டன் என்ற பெயருக்கும் இதே பொருள்தான். அங்கன்வாடி என்பதில் உள்ள அங்கன் முற்றத்தைக் குறிக்கும். நம் அகராதிகளும் அங்கணம் என்ற சொல்லுக்கு முற்றம் என்று பொருள் கூறுகின்றன.

தோட்டம் முற்றமாக மாறியதற்கு ஒரு வரலாறு உண்டு. கிஜுபாய் பதேகா என்பவர் வக்கீல் தொழிலை விட்டுக் குழந்தைக் கல்விக்கு வந்தவர். 1920-இல் குஜராத்திலுள்ள பாவ்நகரில் பால மந்திர் ஒன்றை நிறுவினார். அவரோடு சேர்ந்து உழைத்தவர் தாராபாய் மோடக் அம்மையார். இவ்வம்மையார் 1945-இல் மும்பைக்கு வடக்கே கடற்கரைக் கிராமமாகிய போர்டியில் பால்வாடி தொடங்கினார். ஊருக்கு நடுவே பள்ளி திறந்தாயிற்று. வசதியுள்ள வீட்டுக் குழந்தைகள் வந்தார்கள். ஒதுக்கப்பட்டவர்களும் ஆதிவாசிகளும் வாழ்ந்த குடிசைகளிலிருந்து ஒரு குழந்தையும் வரவில்லை. அழைத்துப் பார்த்தும் பயனில்லை. குழந்தை பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி குழந்தையிடம் போகட்டும் என்று அம்மையார் முடிவு செய்தார். அவருடைய துணைவராகிய அனுதாயி வாக் அவர்களும் பிற ஆசிரியைகளும் அக்குடிசைகளின் முற்றத்துக்கே சென்று, குழந்தைகளைக் குளிப்பாட்டித் தலைவாரி, பாட்டும் விளையாட்டும் கற்பித்தார்கள். விலையுயர்ந்த மாண்டிசோரிக் கருவிகளுக்குப் பதிலாகக் காய்களும் விதைகளும் சோழிகளும் பயன்பட்டன. முற்றத்தில் நடந்ததால் அது அங்கன்வாடி. 1957-இல் இப்பணி கோஸ்பாட் குன்றுக்கு மாறி மேலும் வளர்ந்தது. மாண்டிசோரி அம்மையாரே 1939-இல் அடையாற்றுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கி நம்மவர்க்குப் பயிற்சியளித்ததை நேயர்களில் பலர் அறிந்திருப்பீர்கள். எனினும் நாட்டின் மூலை முடுக்குக்கெல்லாம் பரவியது போர்டியின் முற்றத்துப் பள்ளியின் பெயரே.

1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், மத்திய அரசாங்கம் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் என்ற திட்டத்தை 33 இடங்களில் சோதனையாகத் தொடங்கியது; அதன் நிலையத்துக்கு அங்கன்வாடி என்ற பெயரையே வைத்தது. இன்று நாடெங்கும் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகள் இருக்கின்றன. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கும், கருவுற்ற தாய்மார்களுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும் துணையுணவு; மாதந்தோறும் குழந்தையின் எடை பார்த்து அட்டையில் குறித்தல்; தடுப்பூசி; மருத்துவப் பரிசோதனை; மூன்று வயது நிறைந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கு முந்திய கல்வி. இத்தனையும் ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் தாங்கும் பொறுப்பு. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு வீட்டுக்கு எடுத்துச் செல்லும் மாவும், மூத்த பிள்ளைகளுக்கு நிலையத்திலேயே சூடாகச் சமைத்த உணவும் தரப்படுகின்றன.

வெளிமாநிலத்தில் வாழும் தமிழர்களிடம் அங்கன்வாடிக்குப் போகிறீர்களா என்று கேட்டால் இரண்டு விடைகள் வருகின்றன. குமாஸ்தாக்களும் அதிகாரிகளும், அது ஏழைகளுக்கு வைத்தது அல்லவா என்கிறார்கள். கட்டட வேலை செய்வோரும் ஆலைத் தொழிலாளரும், அது இந்த ஊர்க்காரர்களுக்கு வைத்தது அல்லவா என்கிறார்கள். இரண்டும் சரியல்ல. முன்னவர்க்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே: எடை பார்ப்பதும் தடுப்பூசி போடுவதும் வருமானம் பார்த்துச் செய்யும் காரியங்கள் அல்ல. பின்னவர்க்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை அருகிலுள்ள அங்கன்வாடியில் கட்டணமின்றி உணவு பெறுவதை உரிமையாக்கியிருக்கிறது. எந்த மொழி பேசும் குழந்தை, எந்த மாநிலத்துக் குழந்தை என்று அச்சட்டம் கேட்கவில்லை. 2021 முதல் அங்கன்வாடிப் பதிவுகள் போஷன் டிராக்கர் என்னும் கைப்பேசிச் செயலியில் ஏறுகின்றன. ஓர் ஊரிலிருந்து வேறோர் ஊருக்குக் குடிபெயரும் குழந்தையின் பதிவை அங்கே மாற்றிக்கொள்ள வழி உண்டு. ஆதார் அட்டையோடு போய், ஊரிலே எந்த அங்கன்வாடியில் பெயர் இருந்தது என்று சொன்னால் போதும். ஊரில் பெயரே பதிவாகாத குழந்தையாயினும் புதிதாகச் சேர்க்கலாம்.

உள்ள குடியிருப்பில் அங்கன்வாடியே இல்லையென்றால்? உச்ச நீதிமன்றம் 2006-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள் பிறப்பித்த ஆணை ஒன்று உண்டு. உணவுரிமை வழக்கில் வந்தது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் நாற்பது பேராவது உள்ள கிராமத்தாரோ குடிசைப் பகுதியினரோ தங்களுக்கு அங்கன்வாடி வேண்டும் என்று கேட்டால், கேட்ட மூன்று மாதத்துக்குள் அமைத்துத் தர வேண்டும் என்று அது கூறுகிறது. கேட்க வேண்டும் என்பதுதான் இதில் உள்ள சங்கதி. நகர விளிம்பில் தகரக் கொட்டகைகளில் வாழும் நம்மவர்க்கு இப்படியொரு ஆணை இருப்பதே தெரியாது. தெரிந்தாலும் இந்தியிலோ குஜராத்தியிலோ மனு எழுதத் தெரியாது. ஒவ்வொரு நகரத்திலும் உள்ள தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவுக்கும் இசை விழாவுக்கும் எடுக்கும் சிரமத்தில் பத்தில் ஒரு பங்கை இத்தகைய மனு எழுதித் தருவதில் செலவிட்டால் போதும் என்பது நம் கருத்து.

எல்லா அங்கன்வாடிகளும் சிறந்து விளங்குகின்றன என்று நாம் சொல்ல வரவில்லை. இடநெருக்கடியுள்ள வாடகை அறை, கதவைத் திறந்தால் சமையல் புகை, பணியாளரின் நேரத்தைப் பாதிக்கு மேல் விழுங்கும் பதிவேடுகள் என்ற குறைகளைக் கண்ணாரக் கண்டிருக்கிறோம். ஆனால் தெருமுனையில் பலவண்ணப் பலகை மாட்டியிருக்கும் நர்சரியிலும், மூன்று வயதுப் பிள்ளையை நாற்காலியில் கட்டிப்போட்டாற்போல் உட்காரவைத்து எழுத்துகளை நோட்டு நிறைய எழுதச் சொல்லுவதைக் கண்டிருக்கிறோம். இரண்டில் எது மேல் என்பதைப் பலகையைப் பார்த்து முடிவு செய்யலாகாது. உள்ளே சென்று அரைமணி நேரம் நின்று பாருங்கள். பிள்ளைகள் கையில் மணலோ மணியோ இருக்கிறதா, வாயில் பாட்டு இருக்கிறதா, ஆசிரியை தரையில் அவர்களோடு உட்காருகிறாரா என்று கவனியுங்கள்.

மத்திய அரசாங்க ஊழியர்களுக்கு வேறொரு வழியும் திறந்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மூன்று வயது முதல் எட்டு வயது வரையுள்ள ஐந்து ஆண்டுகளை ஒரே அடித்தளமாகக் கொள்கிறது. அதன்படி கேந்திரிய வித்தியாலயங்களில் பால வாடிகா என்ற வகுப்புகள் 2022-இல் 49 பள்ளிகளில் தொடங்கப்பட்டுப் பின்னர் விரிவடைந்தன. எல்லாக் கேந்திரிய வித்தியாலயங்களிலும் அவை இல்லை. இருக்கும் இடத்தில் இடமாற்றத்துக்குரிய மத்திய ஊழியர்களின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை உண்டு. இங்கே தமிழகத்திலிருந்து வருவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் ஊரில் ஐந்து வயது நிறைந்ததும் முதல் வகுப்பில் சேர்ப்பது வழக்கம். கேந்திரிய வித்தியாலயத்தில் ஆறு நிறைய வேண்டும். ஊரில் முதல் வகுப்பில் பாதி படித்துவிட்டு வந்த பிள்ளை இங்கே பால வாடிகாவில் உட்கார நேரிடும். பெற்றோர்க்கு இது பெரிய அவமானமாகத் தோன்றுகிறது. பிள்ளைக்கு அது அவமானமே அன்று. புதிய மொழி ஒன்றைக் காதில் வாங்கிக்கொள்ள ஓராண்டு அவகாசம். இதை எதிர்த்து முதல்வர் அறைக்கும் அலுவலகத்துக்கும் நடையாய் நடப்பதைக் கைவிடலாம்.

தாயும் தந்தையும் இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளுக்குக் குழந்தைகள் காப்பகம் வேண்டும். ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனம் காப்பக வசதி செய்ய வேண்டும் என்றும், தாய் நாளுக்கு நான்கு முறை சென்று குழந்தையைப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும் என்றும் பேறுகாலப் பயன் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே கூறுகிறது. 2022 முதல் பால்னா என்ற பெயரில் அங்கன்வாடிகள் சிலவற்றோடு காப்பகம் இணைக்கப்பட்டு வருகிறது. கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே குழந்தைகளைக் காக்கும் முயற்சியை 1969-இல் தில்லியில் மீரா மகாதேவன் அம்மையார் தொடங்கினார். காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்காகக் கட்டடம் எழும்பிய இடத்தில், செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் நடுவே புரண்டுகொண்டிருந்த குழந்தைகளைக் கண்டு அவர் அமைத்த கூடாரமே மொபைல் கிரெஷஸ் என்ற நிறுவனமாயிற்று.

இனி மொழிக்கு வருவோம். நமக்கு இதுவே பெரிய விஷயம்.

மேற்சொன்ன கல்விக் கொள்கையில், இயன்ற இடங்களில் ஐந்தாம் வகுப்பு வரையிலாவது கற்பிக்கும் மொழி எதுவாக இருக்க வேண்டும் என்று கூறும் இடத்தில், வீட்டு மொழி, தாய்மொழி, உள்ளூர் மொழி, வட்டார மொழி என்ற நான்கு சொற்களைச் சாய்கோடுகளால் பிரித்து ஒரே மூச்சில் எழுதியிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளன் கண்ணுக்குச் சாய்கோடு எப்போதும் சந்தேகத்துக்குரிய குறி. தஞ்சாவூரில் வளரும் தமிழ்க் குழந்தைக்கு அந்த நான்கும் ஒன்றே. சாய்கோடு அங்கே வெறும் அலங்காரம். சூரத்தில் வளரும் தமிழ்க் குழந்தைக்கோ முதல் இரண்டும் தமிழ், பின்னிரண்டும் குஜராத்தி. அந்தச் சாய்கோட்டின் மேல்தான் நம் குழந்தை நின்றுகொண்டிருக்கிறது. சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்று 1956-இல் சேர்க்கப்பட்ட அரசியலமைப்பின் 350-ஏ பிரிவு கூறுகிறது. அது தொடக்கப் பள்ளியைப் பற்றியது. கட்டாயக் கல்விச் சட்டமும் ஆறு வயதிலிருந்துதான் தொடங்குகிறது. மூன்று முதல் ஆறு வரையுள்ள குழந்தை இரண்டுக்கும் வெளியே நிற்கிறது. 86-ஆவது திருத்தத்தால் 2002-இல் மாற்றப்பட்ட 45-ஆவது பிரிவு அக்குழந்தையின் கல்விக்கு அரசு முயல வேண்டும் என்கிறது; மொழியைப் பற்றி ஒன்றும் கூறவில்லை.

தமிழர்கள் இக்குறையைத் தாமே தீர்த்துக்கொண்ட ஊர்களும் உண்டு. தில்லியில் தமிழ்க் கல்விக் கழகம் ஏழு பள்ளிகளை நடத்துகிறது. மும்பை மாதுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் தோன்றியது; மும்பை மாநகராட்சியும் தமிழ் வழிப் பள்ளிகளை நடத்துகிறது. இவற்றின் அருகில் குடியிருப்போர் பாக்கியசாலிகள். மற்றவர்கள் பெரும்பான்மையினர்.

அந்தப் பெரும்பான்மையினரின் குழந்தை புது மொழி பேசும் வகுப்பில் முதல் நாள் நுழைந்ததும் என்ன செய்கிறது? பேசாதிருக்கிறது. வாரக்கணக்கிலும், சில பிள்ளைகள் மாதக்கணக்கிலும் வாய் திறப்பதில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறது, பிறகு ஒரு நாள் திடீரென்று இரண்டு சொல் பேசுகிறது. இதைக் குழந்தை உளவியலார் நன்கு அறிவார்கள். அது மந்தபுத்தியும் அன்று, பிடிவாதமும் அன்று. ஆனால் ஆசிரியை பெற்றோரை அழைத்து, வீட்டிலும் இந்தியோ இங்கிலீஷோ பேசுங்கள் என்கிறார். பெற்றோரும் அன்றிலிருந்து தமக்கே சரியாக வராத மொழியில் குழந்தையிடம் பேசத் தொடங்குகிறார்கள். கதை நின்றுபோகிறது, கொஞ்சல் நின்றுபோகிறது, சாப்பிடு, உட்கார், தூங்கு என்ற மூன்று நான்கு ஏவல்கள்தான் மிஞ்சுகின்றன. வீட்டிலே தமிழை நிறுத்துவதால் வெளியே வேறு மொழி விரைவில் வந்துவிடாது. ஒரு மொழியில் நிறையச் சொற்களும் கதைகளும் கொண்ட குழந்தைக்கு இரண்டாம் மொழி எளிதில் படியும். ஆசிரியை அவ்வாறு சொன்னால், பணிவோடு கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து தமிழிலேயே பேசுங்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நம் குடியிருப்பில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. பையனுக்கு இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை. வீட்டில் தமிழ், வேலைக்காரியிடம் இந்தி, தொலைக்காட்சியில் இங்கிலீஷ். மூன்று மொழியில் குழம்பியிருக்கிறான், தானாக வந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்களில் படித்தவர்களே அதிகம். நான்கு வயதை நெருங்கும்போது காதைப் பரிசோதித்தார்கள். இரண்டு காதும் ஏறக்குறைய கேட்கவில்லை. கேட்கும் கருவியும் பேச்சுப் பயிற்சியும் பின்னர் கிடைத்தன. இழந்த இரண்டு ஆண்டுகள் கிடைக்கவில்லை. பல மொழி கேட்பதால் குழந்தை ஊமையாவதில்லை. ஒன்றரை வயதில் சில சொற்களாவது, இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்தாவது பேச வேண்டும். எல்லா மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ணிப் பாருங்கள். அப்படியும் இல்லையென்றால், பெயர் சொல்லி அழைத்தும் திரும்பவில்லையென்றால், காத்திருக்கலாகாது. முதலில் செவிப் பரிசோதனை.

அதற்கு வழியும் இருக்கிறது. 2013-இல் தொடங்கிய ராஷ்டிரிய பால சுவாஸ்திய காரியக்கிரமம் என்ற திட்டத்தின்கீழ் மருத்துவக் குழு ஒன்று அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வந்து, பிறவிக் குறைகள், ஊட்டக் குறைகள், நோய்கள், வளர்ச்சித் தாமதங்கள் ஆகியவற்றைக் கண்டறிகிறது. ஐயத்துக்குரிய குழந்தையை மாவட்டத் தொடக்கநிலைத் தலையீட்டு மையத்துக்கு அனுப்புகிறது. அங்கன்வாடியில் பெயர் இல்லாத குழந்தை இந்தக் குழுவின் கண்ணிலேயே படுவதில்லை. அங்கன்வாடி ஏழைகளுக்கு வைத்தது என்று ஒதுங்கியிருப்போர் இதையும் சேர்த்தே இழக்கிறார்கள். மைசூரில் 1965-இல் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு, செவி நிலையமும், மும்பையில் 1983-இல் நிறுவப்பட்ட அலி யாவர் ஜங் தேசிய நிறுவனமும் பெயர் பெற்றவை. எங்கே போனாலும், குழந்தை தமிழில் என்னென்ன சொல்கிறது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். இந்தியில் கேள்வி கேட்டு விடை வராமற்போனால் அது குழந்தையின் குறையா, மொழியின் குறையா என்று மருத்துவருக்கு விளங்க வேண்டும்.

2022-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியான அடித்தள நிலைப் பாடத்திட்டச் சட்டகம், குழந்தைகள் கொண்டுவரும் மொழிகளுக்கெல்லாம் வகுப்பில் இடம் கொடுக்கச் சொல்கிறது. இதைக் காகிதத்திலிருந்து இறக்குவதற்கு அரசாங்க உத்தரவு தேவையில்லை. வட நாட்டில் தீதி என்றும் மராட்டியத்தில் தாயி என்றும் குழந்தைகள் அழைக்கும் அந்தப் பணியாளரிடம் சென்று, வாரத்தில் ஒரு நாள் நம் வீட்டுப் பாட்டி வந்து கைவீசிப் பாடிக் காட்டட்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொன்னவரை நாம் இதுவரை கண்டதில்லை. இருபது குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்ல இன்னொருவர் கிடைத்தால் அவருக்குத் தலைப்பாரம் குறையும். மற்றக் குழந்தைகளும் இரண்டு வாரத்தில் அந்தத் தமிழ்ச் சொற்களை மழலையில் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். வாய் திறவாதிருந்த நம் பிள்ளைக்கு அன்று வகுப்பில் ஒரு கௌரவம் ஏற்படுகிறது.

இறுதியாக ஒரு சிறு காரியம். தாய் சேய் பாதுகாப்பு அட்டை என்று ஓர் அட்டை கொடுக்கிறார்கள். பிறந்தது முதல் போட்ட தடுப்பூசிகளும் மாதந்தோறும் பார்த்த எடையும் அதிலே இருக்கும். ஒன்பதாம் மாதத்துத் தட்டம்மை ரூபெல்லா ஊசியை ஊரில் போட்டுக்கொண்டு, பதினாறு மாதத்துக்கும் இருபத்து நான்கு மாதத்துக்கும் இடையில் போட வேண்டிய இரண்டாவது ஊசியை இடமாற்றத்தில் தவறவிடுவோர் நம்மில் பலர். ஐந்து வயதில் போட வேண்டிய ஊசியின் நினைவே இருப்பதில்லை. புதிய ஊரில் அந்த அட்டையைக் காட்டினால் எந்த மொழி பேசும் செவிலியருக்கும் விஷயம் விளங்கிவிடும். மாற்றல் உத்தரவு வந்து மூட்டை கட்டும்போது அதைத் தட்டுமுட்டுச் சாமான்களோடு லாரியில் ஏற்றிவிடாமல், ரயில் டிக்கெட்டோடு கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.